குலெஷோவைக் கையால் படிப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரைப்படக் கலையைக் கற்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேள்விப்படும் பெயர்களில் ஒன்று லெவ் குலெஷோவ். உணர்ச்சியற்ற ஒரு முகம், ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, விளையாடும் ஒரு குழந்தை என்று இணையத்தில் ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு, 'படத்தொகுப்புதான் எல்லாம்' என்ற முடிவோடு பெரும்பாலோர் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். அவருடைய படங்களைப் பார்த்த பிறகுதான், அந்த ஒரு நிமிடம் அவரைப் பற்றிச் சொல்வதைவிட மறைப்பதே அதிகம் என்று தெரிந்தது. இந்த வழிகாட்டியில் நான் வைக்கும் வரிசை சற்றுத் தலைகீழானது: முதலில் கையால் செய்துபார்ப்பது, பிறகு படங்கள், அதற்குப் பிறகே புத்தகம். கைப்பேசி, பொறுமையுள்ள ஒரு நண்பர், இலவசமாகக் கிடைக்கும் ஏதாவதொரு எடிட்டிங் செயலி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மாலைகள் இருந்தால் போதும்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய அளவு வரலாறு

குலெஷோவ் 1899 ஜனவரியில் ரஷ்யாவின் தம்போவ் நகரில் பிறந்தார். மாஸ்கோவில் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகியவற்றுக்கான பள்ளியில் பயின்றவர், 1916இல், பதினேழு வயதில், கான்ஷோன்கோவின் படநிறுவனத்தில் அரங்க வடிவமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1917 புரட்சிக்கு முந்தைய ரஷ்ய சினிமாவின் தலைசிறந்த இயக்குநர் என்று சொல்லத்தக்க யெவ்கெனி பாவரிடம் அங்கே தொழில் கற்றார். ஆழமான, அலங்காரமான அரங்குகளில் நடிகர்களை மெல்ல நடமாடவிட்டு, ஒரே ஷாட்டை நெடுநேரம் ஓடவிடுவது பாவரின் பாணி. 1917இல் பாவர் இறந்தார். அதே ஆண்டில் குலெஷோவ் திரைக்கலை குறித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, இன்னும் இருபது வயது நிரம்பாத நிலையில், 'பொறியாளர் பிரைட்டின் திட்டம்' என்ற தம் முதல் படத்தை இயக்கினார்.

அந்தக் காலத்தில் அவர் தியேட்டர்களில் திரைக்குப் பதிலாகப் பார்வையாளர்களைக் கவனிக்கும் பழக்கம் வைத்திருந்தார். ரஷ்யப் படம் ஓடும்போது அசையாமல் இருந்த கூட்டம், அமெரிக்கப் படம் ஓடும்போது கத்தியது, சிரித்தது, இருக்கை நுனிக்கு வந்தது. காரணம் தேடியவருக்குக் கண்ணில் பட்டது, அமெரிக்கப் படங்கள் சிறுசிறு துண்டுகளால் ஆனவை என்பதும், ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கணத்துக்குத் தேவையானது மட்டுமே இருந்தது என்பதும்தான். பாவரின் மாணவர் பாவரிடமிருந்து விலகிய இடம் இது.

1919இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கியது. இது உலகின் முதல் திரைப்படப் பள்ளி என்று கருதப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திரைத்துறை நாட்டுடைமையானது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கச்சா ஃபிலிம் கிடைப்பதே அரிதாக இருந்தது. பள்ளியில் பயிற்றுநரான குலெஷோவ், தம்மைச் சுற்றித் திரண்ட மாணவர்களோடு ஒரு பட்டறையை அமைத்தார். விசெவோலோத் புதோவ்கின், பரீஸ் பர்னெத், விளாதிமிர் ஃபோகெல், செர்கேய் கொமரோவ், லியோனித் அபலென்ஸ்கி, அலெக்சாந்த்ரா கோக்லோவா ஆகியோர் அதில் இருந்தார்கள். கோக்லோவா, மாஸ்கோவின் புகழ்பெற்ற ஓவியக்கூடத்தை நிறுவிய திரெத்யாகோவின் பேத்தி. குலெஷோவின் வாழ்க்கைத் துணையாகவும் அவருடைய முதன்மை நடிகையாகவும் இறுதிவரை இருந்தவர். ஃபிலிம் இல்லாத நாட்களில் இவர்கள் ஃபிலிம் இல்லாமலேயே 'படம்' எடுத்தார்கள்: மேடையில் ஷாட் ஷாட்டாகப் பிரித்து, க்ளோசப் எங்கே வரும், வெட்டு எங்கே விழும் என்று குறித்து, நடித்துக் காட்டினார்கள். இந்த வறுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கோட்பாட்டில் காணப்படும் சிக்கனம் அங்கிருந்து வந்தது என்பது என் கருத்து.

முதல் பயிற்சி: அந்த முகம்

படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். நண்பரை ஜன்னலுக்குப் பக்கத்தில், வெறும் சுவருக்கு முன்னால் உட்கார வையுங்கள். கைப்பேசியை அவருடைய கண் மட்டத்தில் அசையாமல் நிறுத்தி, தோளுக்கு மேலே முகம் மட்டும் தெரியும்படி சட்டகத்தை அமையுங்கள். லென்ஸைப் பார்க்க வேண்டாம், அதற்குச் சற்று இடப்பக்கமாக, கொஞ்சம் தாழ்வாக ஓரிடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லக் கூடாது. சொன்னால் நடிக்க ஆரம்பித்துவிடுவார். மனத்துக்குள் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வது எனக்குப் பலன் தந்த உபாயம். இருபது விநாடி போதும்.

பிறகு அவரை எழுப்பிவிட்டு, அவர் இருந்த இடத்திலிருந்து, அவர் பார்வை விழுந்த கோணத்தில் மூன்று பொருள்களைத் தனித்தனியாக எடுங்கள். ஆவி பறக்கும் இட்லித் தட்டு ஒன்று. மாலை போட்ட புகைப்படம் ஒன்று. தரையில் உட்கார்ந்து விளையாடும் குழந்தை ஒன்று. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ, அதே திசையிலிருந்து இவற்றின் மீதும் விழ வேண்டும். செயலியின் டைம்லைனில் முகம் மூன்று விநாடி, பொருள் மூன்று விநாடி, மறுபடி முகம் மூன்று விநாடி என்று வைத்து மூன்று சிறு காணொளிகளை உருவாக்குங்கள். மூன்றிலும் முகத்தின் துண்டு ஒன்றேயாக இருப்பது கட்டாயம். இசை சேர்க்கவே கூடாது; சேர்த்தால் உணர்ச்சியை ஊட்டியது இசையா வெட்டா என்று பிரித்தறிய முடியாது.

நான் முதல்முறை செய்தபோது இரண்டு இடங்களில் சறுக்கினேன். நண்பர் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, மாலை போட்ட படத்தைச் சுவரில் நேர்மட்டத்தில் வைத்து எடுத்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் 'எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்' என்றார்களே தவிர, துக்கம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. படத்தை முக்காலிமேல் இறக்கிவைத்து எடுத்த பிறகுதான் முகமும் பொருளும் ஒட்டின. இரண்டாவது தவறு, மூன்று காணொளிகளையும் ஒரே ஆளுக்குக் காட்டியது. இரண்டாவதிலேயே 'அதே மூஞ்சிதானே' என்று சிரித்துவிட்டார். ஒருவருக்கு ஒன்று மட்டும் காட்டுங்கள், 'சோகமாக இருக்கிறாரா?' என்று எடுத்துக்கொடுக்காமல், 'இவர் என்ன நினைக்கிறார்?' என்று பொதுவாகக் கேளுங்கள்.

இப்போது வரலாற்றுக்கு வரலாம். குலெஷோவ் பயன்படுத்தியது புரட்சிக்கு முந்தைய நட்சத்திர நடிகரான இவான் மொஸ்ஷூகினின் முகம், பழைய படமொன்றிலிருந்து எடுத்த துண்டு. சூப், சவப்பெட்டியில் பெண், பொம்மைக் கரடியோடு விளையாடும் சிறுமி என்ற வரிசை புதோவ்கின் தம் சொற்பொழிவில் விவரித்ததால் உலகெங்கும் பரவியது. குலெஷோவின் சொந்த எழுத்தில் உதாரணங்கள் வேறாக இருக்கின்றன: சிறையில் பசித்திருப்பவனுக்குச் சூப் கொண்டுவரப்படுவது ஒன்று, விடுதலைக்கு ஏங்குகிறவன் வெயிலையும் பறவைகளையும் காண்பது இன்னொன்று. அசல் துண்டு இன்று இல்லை. ஆகவே இணையத்தில் 'அசல்' என்று சுற்றும் காணொளியை அப்படியே நம்ப வேண்டாம். 1992இல் ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை மீண்டும் நடத்தியபோது, ஒரே முகம் பக்கத்தில் வரும் பொருளுக்கேற்ப வேறுவேறு உணர்ச்சி காட்டுவதாகத் தோன்றும் என்று சொல்லப்பட்ட விளைவு தென்படவில்லை. பின்னர் வேறு முறைகளில் செய்தவர்களுக்கு ஓரளவு தென்பட்டது. உங்கள் காணொளியைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் 'ஒன்றும் நினைக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்' என்று சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு விடைதான், குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பயிற்சி: இல்லாத ஊர்

என் பார்வையில் இதுவே முந்தையதைவிடப் பயனுள்ளது. தினசரித் திரைப்பட வேலையில் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ செய்வதும் இதைத்தான். 'பொறியாளர் பிரைட்டின் திட்டம்' எடுத்தபோது, பாத்திரங்கள் மின்கம்பங்களைப் பார்க்கும் காட்சியில் ஆட்களை ஓரிடத்திலும் கம்பங்களை வேறிடத்திலும் எடுக்க நேர்ந்தது. ஒட்டிப் பார்த்தபோது இரண்டும் ஒரே இடமாகிவிட்டன. இதை 1920களின் தொடக்கத்தில் அவர் முறையான சோதனையாக்கினார். கோக்லோவா மாஸ்கோவின் பெத்ரோவ்கா தெருவில் நடக்கிறார். அங்கிருந்து வெகுதூரத்தில் ஆற்றங்கரையில் அபலென்ஸ்கி நடக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து நெருங்குகிறார்கள். கைகுலுக்குவது இன்னோரிடத்தில், எழுத்தாளர் கோகோலின் சிலையருகே. இருவரும் திரும்பிப் பார்க்க, அமெரிக்கப் படமொன்றிலிருந்து வெட்டியெடுத்த வாஷிங்டன் வெள்ளை மாளிகை வருகிறது. அடுத்த துண்டில் அவர்கள் படியேறுவது மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தில். பார்ப்பவருக்கு அது வெள்ளை மாளிகையின் படிக்கட்டு. இன்னொரு சோதனையில் ஒருத்தியின் உதடு, இன்னொருத்தியின் கால், மற்றொருத்தியின் முதுகு என்று சேர்த்து, கண்ணாடி முன் அலங்கரித்துக்கொள்ளும் ஒரே பெண்ணை உருவாக்கினார்.

இதைச் செய்துபார்க்க, உங்கள் ஊரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் சட்டகத்தின் இடமிருந்து வலமாகவும் மற்றவர் வலமிருந்து இடமாகவும் நடக்க வேண்டும். இந்தத் திசை மாறினால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள், ஒருவர் பின்னால் ஒருவர் போவதுபோல் ஆகிவிடும். வானத்தின் வெளிச்சம் ஒத்திருக்கும் அரைமணி நேரத்துக்குள் எடுக்க முடியாவிட்டால், அதே நேரத்தில் மறுநாள் எடுங்கள். ஊர்க்காரர் ஒருவருக்கும் வெளியூர்க்காரர் ஒருவருக்கும் காட்டுங்கள். வெளியூர்க்காரர் நம்புவார், ஊர்க்காரர் 'பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் குளத்துக்கு ஒரே எட்டில் எப்படி வந்தாய்?' என்பார். அந்தச் சோதனையைப் பார்த்த மாஸ்கோவாசிகளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது பயிற்சி: நடிகரின் உடல்

இங்கேதான் பலரும் எதிர்பாராத திருப்பம். முகத்துக்கு அர்த்தம் தருவது வெட்டுதான் என்று நிறுவிய மனிதர், பட்டறையில் தம் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டது நடிகர்களின் உடற்பயிற்சியில். ஓவியப் பள்ளியில் ஓவியர் முன்பு மாதிரியாக நிற்பவரைக் குறிக்கும் 'நதூர்ஷிக்' என்ற சொல்லையே தம் நடிகர்களுக்குச் சூட்டினார். மேடை நடிகரின் உணர்ச்சிப் பெருக்கு அவருக்கு வேண்டாம். அவர் கேட்டது குத்துச்சண்டை வீரரைப்போல, கழைக்கூத்தாடியைப்போலத் தன் ஒவ்வொரு மூட்டையும் ஆளத் தெரிந்த உடல். லென்ஸை உச்சியாகக் கொண்ட பிரமிடுபோன்ற வெளியில்தான் நடிகர் இயங்குகிறார் என்றும், அந்த வெளியைக் குறுக்கும் நெடுக்குமான கோடுகளால் ஆன வலையாகக் கற்பனை செய்துகொண்டு அந்தக் கோடுகளை ஒட்டி அசைந்தால் அசைவு திரையில் தெளிவாக வாசிக்கப்படும் என்றும் அவர் கற்பித்தார்.

காரணம் எளிது. ஷாட் குறுகியதாக இருந்தால் அதற்குள் நடப்பது உடனே புரிய வேண்டும். மூன்று விநாடியில் புரியாத அசைவை எத்தனை நன்றாக வெட்டியும் பயனில்லை. ஆக, முகச் சோதனையும் நடிகர் பயிற்சியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒன்றை மட்டும் கற்பிப்பவர்கள் பாதிக் குலெஷோவைக் கற்பிக்கிறார்கள்.

பயிற்சி இது: நண்பரை மேசையிலிருந்து தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு வைக்கச் சொல்லி ஒருமுறை இயல்பாக எடுங்கள். அடுத்து, தலை திரும்புவது, கை நீள்வது, டம்ளர் உயர்வது, கீழே வைப்பது என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இமைப்பொழுது நிற்கச் சொல்லி எடுங்கள். இரண்டையும் இரண்டு விநாடித் துண்டுகளாக வெட்டிப் பாருங்கள். முதலாவதில் கை ஏதோ அலைபாய்வதுபோல் இருக்கும். இரண்டாவது, நேரில் பார்க்கச் செயற்கையாக இருந்தபோதிலும், திரையில் கச்சிதமாக அமரும்.

படங்கள்: எந்த வரிசையில், எப்படி

முதல் மாலை 'போல்ஷெவிக்குகளின் நாட்டில் மிஸ்டர் வெஸ்டின் அசாதாரண அனுபவங்கள்' (1924). மௌனப் படத்துக்குப் பழகாதவர்கள்கூட எளிதாக உள்ளே நுழையக்கூடிய நகைச்சுவை. அமெரிக்கக் கொடியின் வடிவம் போட்ட காலுறை அணிந்த மிஸ்டர் வெஸ்ட், போல்ஷெவிக்குகள் காட்டுமிராண்டிகள் என்று பத்திரிகையில் படித்த பயத்தோடு, காவலுக்கு ஒரு கௌபாயையும் அழைத்துக்கொண்டு மாஸ்கோ வருகிறார். அந்தப் பயத்தையே முதலாக வைத்து ஒரு திருட்டுக் கும்பல் அவரைக் கறக்கிறது. வெஸ்டாகப் பொதோபேத், கௌபாயாகப் பர்னெத், கும்பல் தலைவனாகப் புதோவ்கின், போலிச் சீமாட்டியாகக் கோக்லோவா என்று பட்டறை முழுவதும் திரையில் இருக்கிறது. முதல்முறை சிரித்துக்கொண்டே பார்த்துவிடுங்கள். பிறகு துரத்தல் காட்சியில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, வெட்டு விழும்போதெல்லாம் காகிதத்தில் ஒரு கோடு போடுங்கள். கும்பலின் அறையில் நடக்கும் இன்னொரு நிமிடத்துக்கும் அப்படியே செய்து ஒப்பிடுங்கள். கோக்லோவா உள்ளே வரும்போது அவருடைய முழங்கையையும் கழுத்தையும் கவனியுங்கள். கோடுகளால் ஆன அந்த வலை அங்கே கண்ணுக்குத் தெரியும்.

'மரணக் கதிர்' (1925) என்ற அடுத்த படத்தைத் தொடக்கத்தில் தாண்டிவிடலாம். சாகசம் நிறைய, கதை குழப்பம்.

இரண்டாவது மாலை 'சட்டத்தின்படி' (1926); 'பை தி லா' என்ற ஆங்கிலப் பெயரில் தேடினால் கிடைக்கும். ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஜாக் லண்டனின் சிறுகதை, இலக்கியக் கோட்பாட்டாளர் விக்தர் ஷ்க்லோவ்ஸ்கியின் திரைக்கதை, கூஸ்னெத்சோவின் ஒளிப்பதிவு. கனடாவின் யூகான் பகுதியில் தங்கம் தேடும் ஐவரில் ஒருவன் திடீரென இருவரைச் சுட்டுக் கொல்கிறான். மிஞ்சிய கணவனும் மனைவியும் அவனைக் கட்டிப்போட்டு, பனிக்காலம் முழுக்க ஒரே குடிசையில் காவல் காக்கிறார்கள். ஆறு உருகிப் பெருகிக் குடிசையைச் சூழ்கிறது. மிகக் குறைந்த செலவில், பெரும்பாலும் ஒரே குடிசையில், மூன்றே முகங்களோடு எடுத்த படம்.

கொலை நடக்கும் காட்சியைப் பத்து முறையாவது ஓட்டிப் பாருங்கள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதவு திறக்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது, தட்டு கவிழ்கிறது, ஒருவன் முகம் குப்புறத் தட்டில் விழுகிறது. அடுத்து நடப்பது கோக்லோவாவின் உடலில்: ஒரு கணம் உறைந்து, மறுகணம் முழு உடலும் வில்போல் விடுபட்டுக் கொலைகாரன் மீது பாய்கிறது. அந்த உறைதலின் நீளத்தைக் கைப்பேசிக் கடிகாரத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிற்பகுதியில் பிறந்தநாள் காட்சி வரும். மூவரும் தேநீர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, யாரை யார் எப்போது பார்க்கிறார்கள் என்பதை மட்டும் பின்தொடருங்கள். விசாரணைக் காட்சியில் சுவரில் விக்டோரியா மகாராணியின் படம் எத்தனை முறை சட்டகத்துக்குள் வருகிறது என்றும் பாருங்கள். சட்டம் என்ற சொல்லுக்கு அந்தப் படத்தில் இருக்கும் பாரம் அங்கே இருக்கிறது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

அக்காலத் திரைத்துறையின் ரசனைக்குக் கோக்லோவா பொருந்தவில்லை. கதாநாயகிக்குரிய அழகு இல்லை, மிகவும் ஒல்லி என்று அவரை ஒதுக்கப் பார்த்தார்கள். குலெஷோவ் இணங்கவில்லை. 1926இல் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனும் ஷ்க்லோவ்ஸ்கியும் அவரைப் பற்றி எழுதினார்கள். 'சட்டத்தின்படி'யைப் பார்த்தபின் ஒதுக்கப் பார்த்தவர்கள்மேல் உங்களுக்கும் கோபம் வரும்.

மூன்றாவது மாலை 'மாபெரும் ஆறுதலாளன்' (1933), ஒலிப்படம். சிறையிலிருந்துகொண்டு இனிமையான கதைகள் எழுதும் அமெரிக்கச் சிறுகதையாளர் ஓ. ஹென்றியைப் பற்றியது. அவர் எழுதும் கதை மௌனப் பட பாணியில் தனியாக ஓட, சிறையின் உண்மை வேறு பாணியில் ஓடுகிறது. படப்பிடிப்புக்கு முன்பே படம் முழுவதையும் ஒத்திகை பார்த்து முடித்துவிட்டு எடுத்தார். ஃபிலிம் இல்லாத காலத்தில் மேடையில் எடுத்த 'படங்கள்' இங்கே முறையாக வளர்ந்து நிற்கின்றன.

புத்தகமும் சண்டையும்

இவ்வளவுக்குப் பிறகு படியுங்கள். 1929இல் வெளிவந்த 'சினிமாக் கலை' சிறிய நூல். அதையும் பிற கட்டுரைகளையும் உள்ளடக்கிய ஆங்கிலத் தொகுப்பு, ரொனால்ட் லெவாகோவின் மொழிபெயர்ப்பில் 1974இல் வந்தது. 'சினிமாக் கலை'க்கு முன்னுரை எழுதிய குலெஷோவின் மாணவர்கள், தாங்கள் படங்களைச் செய்வதாகவும் குலெஷோவோ சினிமாவையே செய்துவிட்டதாகவும் பெருமையோடு சொல்லியிருக்கிறார்கள்.

படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷாட் என்பது செங்கல்லா? குலெஷோவுக்கு ஷாட் ஓர் எழுத்து, ஓர் அடையாளம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொருளைக் கட்டலாம். அவரிடம் சில மாதங்கள் பயின்ற ஐசன்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. ஷாட்டுகள் அடுக்கப்படுவதில்லை, மோதுகின்றன, அந்த மோதலில்தான் கருத்துப் பிறக்கிறது என்றார். புதோவ்கின் பெருமளவு ஆசிரியரின் பக்கம் நின்றார். என் பார்வையில், கொலைக் காட்சியில் குலெஷோவே மோதவிடுகிறார். தம் கோட்பாடு அனுமதித்ததைவிடக் கூடுதலாகவே அவருடைய கை செய்திருக்கிறது.

1930களில் 'வடிவவாதி', அதாவது உள்ளடக்கத்தைவிட வடிவத்துக்கே முக்கியத்துவம் தருபவர் என்ற குற்றச்சாட்டு குலெஷோவ்மேல் விழுந்தது. படம் இயக்கும் வாய்ப்புகள் குறைந்தன. 1943இல் வெளிவந்த படத்தோடு இயக்கத்தை நிறுத்திக்கொண்டு, 1944 முதல் மாஸ்கோ திரைப்படக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். படம் இயக்குவது குறித்து 1941இல் அவர் வெளியிட்ட பாடநூலை, செய்முறையில் ஆர்வமுள்ளவர்கள் தேடிப் பார்க்கலாம். 1970 மார்ச்சில் மாஸ்கோவில் இறக்கும்வரை கற்பித்துக்கொண்டே இருந்தார்.

கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த முகக் காணொளியை மறுபடி திறங்கள். 'சட்டத்தின்படி'யில் அளந்து குறித்த உறைதலின் நீளத்துக்கு, இரண்டாவதாக வரும் முகத்தை வெட்டிக் குறையுங்கள். முன்பு பார்க்காத ஒருவருக்குக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள்.